கைக்குத் தெரியாத கன்று

எங்கள் பழைய கால்நடை மருந்தகத்தில் இப்போது வேலை பார்க்கிற ஆய்வாளர் தம்பி, போன மாதம் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஸ்கேன் கருவி. அதன் சின்னத் திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ ஒன்று. "நாற்பது நாள் கன்று, சார்" என்று கீழே எழுதியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எனக்கு அது மழைக்காலத்தில் ஓதம் பூத்த சுவர் மாதிரிதான் இருந்தது. அவர் கன்று என்கிறார், இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "நீங்கள்லாம் வெறுங்கையாலயே எப்படி சார் சினை பார்த்தீங்க? கொஞ்சம் எழுதுங்களேன்."

எழுதலாம். முப்பத்து மூன்று வருஷம் கையால்தான் பார்த்தேன். ஆனால் அதில் இரண்டு வருஷம் என் கை எதையும் பார்க்கவில்லை, பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தது. முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்துகொள்ள எனக்கும் ஆசைதான். மனசு ஒப்பவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கால்நடை ஆய்வாளர் என்பவர் டாக்டர் அல்ல. டாக்டருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஊரில் "மாட்டு டாக்டர்" என்பார்கள், உண்மையான டாக்டர் பக்கத்தில் நின்றால் "சின்ன டாக்டர்" ஆகிவிடுவோம். பசு பருவத்துக்கு வந்து கத்தினால் சினை ஊசி போடுவது, மூன்று மாதம் கழித்து சினை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, தடுப்பூசி போடுவது, இதெல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது. இதுதான் எங்கள் பிழைப்பு.

பயிற்சி ஒரத்தநாட்டுப் பக்கம். கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த கருப்பையைத் தட்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, தொட்டுச் சொல்லச் சொல்வார்கள். தட்டில் இருக்கும்வரை எல்லாம் சுலபம். மாட்டுக்குள் கை போனால் வெதுவெதுப்பையும் சாணியையும் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் அப்படியே போனது. ஒரு நாள் காலையில், ஏதோ ஒரு வயசான பசு, கருப்பையின் இரண்டு கொம்புகளும் என் விரல் நுனியில் தனித்தனியாகத் தெரிந்தன. அன்று முழுக்க அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இடது கைதான் உள்ளே போகும். வலது கைக்கு ஊசிக் குழலைப் பிடிக்கிற வேலை இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் ஆகாது. தோள்வரை பிளாஸ்டிக் உறை, அதன்மேல் சோப்புத் தண்ணீர். விரல்களைக் குவித்து மெதுவாக ஆசனவாய் வழியே போக வேண்டும். மாடு முக்கும். முக்கும்போது கை அசையக் கூடாது, அது விட்ட பிறகுதான் நாம் நகர வேண்டும். குடலின் சுவர் மெல்லியது, அதற்குக் கீழேதான் கருப்பை கிடக்கிறது. சினை பிடித்திருந்தால் ஒரு கொம்பு மட்டும் பருத்துத் தண்ணீர் கட்டியிருக்கும். இரண்டு விரலால் நைசாகப் பிடித்து விட்டால் உள்ளே இருக்கும் சவ்வு நழுவும். புடவைக்குள் இருக்கும் பாவாடை நழுவுகிற மாதிரி, அவ்வளவு லேசாக. மூன்று மாதம் தாண்டினால் இன்னொரு அடையாளமும் உண்டு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளம் அதிர ஆரம்பிக்கும். துடிப்பு வேறு, இது வேறு. போர்செட் ஓடும்போது குழாய்மேல் கை வைத்தால் உள்ளே தண்ணீர் போவது தெரியுமே, அந்த அதிர்வு.

அது விரலில் பட்டால் வேறு சாட்சி வேண்டாம். என் முகம் என்னைக் கேட்காமலே சிரித்துவிடுமாம். நான் வாயைத் திறப்பதற்குள், "சினைதான்ப்பா, சார் சிரிச்சிட்டாரு" என்று மாட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த இடது கைக்கு வீட்டில் மரியாதை கிடையாது. என் மனைவி வசந்தா கல்யாணமான புதிதில் போட்ட சட்டம், பஸ்ஸில் போனாலும் என் வலது பக்கம்தான் உட்காருவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் சரி. "அந்தக் கை மாட்டோட சொத்து. எனக்கு இந்தக் கை போதும்" என்பாள்.

நாற்பத்து நாலு வயதில் சர்க்கரை வந்தது. ஆபீஸில் பாதிப் பேருக்கு இருந்தது, எனக்கும் வந்தது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஞாபகமே வராது.

முதலில் போனது கால். தை மாதம் ஒரு நாள், வரப்பு வழியாக நடந்து ஒரு கிராமத்துக்குப் போய், ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, டீக்கடையில் வந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சார், ஏதாவது வேண்டுதலா? ஒத்தக் கால் செருப்போட நடக்கிறீங்க?" என்றார். குனிந்து பார்க்கிறேன், இடது காலில் செருப்பில்லை. எந்த வயல் சேற்றில் கழன்றதோ தெரியாது. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், செருப்புப் போனது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன்.

அடுத்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஊசியின் பிளாஸ்டிக் மூடி ஒன்று என் ரப்பர் கம்பூட்ஸுக்குள் விழுந்திருக்கிறது. நான் அதன்மேலே நாள் முழுக்க நடந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து கூடத்தைத் தாண்டிப் போன பிறகு வசந்தா கேட்டாள்.

"யாருங்க தரையெல்லாம் குங்குமத்தைக் கொட்டினது?"

என் பாதத்தின் அச்சு, வாசலிலிருந்து சமையலறைவரை, சிவப்பாக வரிசையாக இருந்தது. அவளுக்குப் புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு துளி வலியில்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு இரும்புக் கவையை மேஜையில் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?" என்றார். இல்லை என்றேன். கணுக்காலில் வைத்தார். இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான் ஆமாம் என்றேன். "நியூரோபதி. சர்க்கரையால நரம்பு பாதிச்சிருக்கு. முதல்ல போறது இந்த அதிர்வு தெரியிறதுதான். காலைக் கண்ணு மாதிரி பார்த்துக்கணும்" என்றார். மேலே நகர்ந்தால் கைக்கும் வரலாம் என்று போகிற போக்கில் சொன்னார். எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சாயங்காலச் சடங்கு ஒன்று ஆரம்பித்தது. நான் நாற்காலியில் காலை நீட்ட வேண்டும், வசந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் இடுக்கு உட்பட, இரண்டு பாதத்தையும் பார்ப்பாள். ஆணி குத்தினால் தெரியாத அந்தக் காலில் போர்வை பட்டால் நெருப்பாக எரியும். என்ன நியாயமோ. "இப்படி உங்க காலைப் பார்க்கிறேனே, கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை" என்பாள். குளிக்கிற தண்ணீரைக் கையால் பார்க்கக் கூடாது, முழங்கையால்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். விரல் பொய் சொல்ல ஆரம்பித்த பிறகும் என் முழங்கை இன்றுவரை உண்மையே சொல்கிறது.

ஐம்பத்தோரு வயதில் விரல் போனது. சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிஷம் ஆனது. சாவிக்கொத்தில் எந்தச் சாவி என்று பார்க்காமல் தெரியவில்லை. பிறகு, ஒரு நாள் ஒரு பசுவுக்குள், அந்த நழுவல் வரவில்லை. உறை தடிமனாக வந்திருக்கிறது என்று அந்தக் கம்பெனியைத் திட்டினேன். வேறு உறை வாங்கினேன். அதிலும் வரவில்லை. நாளமும் அதிரவில்லை. நாளம் அதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. வசந்தாவிடம்கூட விரல் கொஞ்சம் மதமதப்பு என்றுதான் சொன்னேன்.

இங்கே எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் கலைச்செல்வி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எனக்கு அதிகாரி. மனுஷர்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "கயிறு இறுக்கமா இருக்கு. தளர்த்து." "தண்ணி வச்சியா? வை." அவ்வளவுதான். ஆனால் பசுவின் பக்கத்தில் போனால் குரலே மாறிவிடும். "வாங்கம்மா, வாங்க. பயப்படாதீங்க. ஒரு நிமிஷந்தான், முடிச்சிடுவோம்." வால் அடியில் சொறிந்துகொடுத்துக்கொண்டே ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். மாடு மூச்சு விட்டுத் தளர்ந்த பிறகுதான் எதையும் தொடுவார். வாலை முறுக்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நம்மளும் மாடா பொறந்திருந்தா டாக்டரம்மா 'வாங்க'ன்னு கூப்பிட்டிருப்பாங்க" என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சினை இல்லாத பசுவைப் பருவத்துக்கு வரவைக்க ஒரு ஊசி உண்டு. அதை மட்டும் மூன்று தடவை கேட்காமல் போட மாட்டார். "காலியா?" என்பார். காலி என்று நான் சொல்ல வேண்டும். "காலிதானே?" என்பார். காலிதான் என்று சொல்ல வேண்டும். பிறகு டைரியைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு, "எழுதிரலாமா?" என்பார். எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் எழுதுவார், எழுதிய பிறகுதான் ஊசி. சினை மாட்டுக்கு அந்த ஊசி போனால் கன்று வீசிவிடும். அவர் வந்த புதிதில் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், எதற்கு மேடம் மூணு தடவை என்று.

"ஒரு தடவை மட்டும் கேட்டு ஒரு கன்னுக்குட்டிய கலைச்சிருக்கேன் சார்" என்றார். பிறகு நான் அதைப் பற்றிச் சிரித்ததில்லை.

அந்த டாக்டர்தான் என்னை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். காரணத்தைக் கேளுங்கள். சினை ஊசிக்கான உறைந்த விந்துக் குச்சியை நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எல்லோரும் விரலை விட்டுத்தான் பார்ப்போம். என் விரலுக்குச் சூடு தெரியாமல் போனதால் நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டேன். "கோவிந்தராஜ் சாரைப் பாருங்க. இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறமும் விதிப்படி பண்றார்" என்றார் டாக்டர். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்ற கணக்குத்தான் மனசுக்குள் ஓடியது. ஏதாவது ஆபீஸில் கோப்புக் கட்டிக்கொண்டு உட்கார வைப்பார்கள். "சார் சிரிச்சிட்டாரு" என்று சொல்ல ஆளிருக்காது. அந்தப் பேரை விட எனக்கு மனசில்லை. அதுதான் நிஜம், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அதனால் ஜோசியம் பார்க்க ஆரம்பித்தேன். நிறைமாதச் சினை என்றால் கன்றே மணிக்கட்டில் இடிக்கும், அது தெரிந்துவிடும். இளஞ்சினைக்குப் பதிவேடு. ஊசி போட்ட தேதிக்குப் பிறகு மாடு கத்தவில்லை என்றால் சினை, கத்தியிருந்தால் காலி. கையை உள்ளே விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன், மனசுக்குள் தேதியை எண்ணிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் சரியாக வந்தது. அதுதான் கெடுதல்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகு அந்த முகாம் வந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம், பள்ளிக்கூட மைதானம். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே அறுபது மாடு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர். முறை இதுதான்: மாட்டை மரச்சட்டத்துக்குள் நிறுத்துவார்கள், நான் கை விட்டுப் பார்த்து, சினை என்றால் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம், காலி என்றால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். வட்டம் போட்டது வீட்டுக்குப் போகும். பெருக்கல் போட்டது பூவரச மரத்தடிக்கு, டாக்டரிடம், ஊசிக்கு.

பத்து மணி வாக்கில் சரோஜாவின் பசு வந்தது. சரோஜா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வீட்டில் ஒரே பசு, சிவப்புக் கலப்பினம். இரண்டு வருஷமாகச் சினை நிற்காமல் இருந்தது. இந்தத் தடவையும் இல்லையென்றால் தரகரிடம் ஓட்டிவிடுவேன் என்று அவள் புருஷன் சொல்லியிருந்தான். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

பதிவேட்டைப் பார்த்தேன். மூன்றரை மாதத்துக்கு முன் நானே ஊசி போட்டிருக்கிறேன். ஒன்றரை மாதம் கழித்து "பருவம்" என்று என் கையெழுத்து. எதிர் வீட்டுக்காரர் போனில் "சரோஜா மாடு ரெண்டு நாளா கத்துது" என்று சொன்னதை, போய்ப் பார்க்காமல் எழுதியது. கையை விட்டேன். எதுவும் தெரியவில்லை. எப்போதும்போல. பெருக்கல் போட்டேன்.

சரோஜா முந்தானையால் அதை அழித்தாள்.

"ஏம்மா, எதுக்கு அழிக்கிறே?"

"சினை மாட்டுக்கு எதுக்கு சார் பெருக்கல் போடுறீங்க?"

"நடுவுல கத்தியிருக்குல்ல? இங்க எழுதியிருக்கு பாரு."

"அது பருவத்துக்குக் கத்தல சார். பக்கத்து வீட்டு மாட்ட வித்துட்டாங்க. ரெண்டும் ஒண்ணா மேஞ்சதுங்க. அதைத் தேடிக் கத்திச்சு."

"முப்பது வருஷமா பார்க்கிறேன். எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று மறுபடி போட்டேன். அவள் மறுபடி அழித்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை, சாக்பீஸ் உடைகிற மாதிரி அழுத்திப் போட்டு, கயிற்றை நானே பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனேன். சரோஜா பின்னாலேயே வந்தாள். அழிக்கிறதற்கு அவள் கையில் முந்தானையின் நுனி இன்னும் இருந்தது.

டாக்டர் பசுவின் வாலடியைச் சொறிந்துகொடுத்தார். "வாங்கம்மா, வாங்க." மருந்து ஊசியில் ஏறியிருந்தது.

"காலியா சார்?"

"காலி மேடம்."

"காலிதானே?"

"காலிதான்."

டைரியைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். "எழுதிரலாமா?"

நான் அந்தப் பசுவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மாட்டைத் தேடிக் கத்தியிருக்கிறது. நான் போய்ப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், நீங்க ஒரு தடவை கை வச்சுப் பாருங்க" என்றேன்.

"ஏன்? சந்தேகமா?"

"என் கைக்கு ஒண்ணும் தெரியல மேடம்."

"இந்த மாட்டிலயா?"

"எந்த மாட்டிலயும் தெரியல."

மைதானத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஊசியை டிரேயில் வைத்துவிட்டு உறையைப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, சிரிக்கவே சிரிக்காத அந்தம்மா முகத்தில் சிரிப்பு வந்தது.

"மூணரை மாசம் இருக்கும். ஏம்மா, சொல்லக் கூடாதா நீங்க?" என்றார், பசுவைப் பார்த்து. பிறகு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிச் சரோஜாவிடம் நீட்டினார். "அழிச்சிட்டு நீயே வட்டம் போடு."

சரோஜா போட்டாள். கோணல் வட்டம். போட்டுவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அன்று நான் பெருக்கல் போட்ட மற்ற பத்து மாடுகளையும் டாக்டர் மறுபடி பார்த்தார். ஊசி போட்டு முடிந்திருந்த இரண்டும் உண்மையிலேயே காலி. இன்னொன்று சினை. அதற்கு அடுத்த பத்து நாள், பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, நான் காலி என்று சொல்லி ஊசி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஒரே ஒரு வீட்டில், ஊசி போட்ட மூன்றாம் நாள் மாடு எதையோ போட்டது, நாங்கள் அழுக்கு என்று நினைத்தோம் என்றார்கள். அது அழுக்கு இல்லை. என்னால்தான் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். பிறகு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அந்த மோர் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

வரும் வழியில் டாக்டர் ஒரே ஒரு தடவை திட்டினார். "கை போறது உங்க தப்பில்ல சார். சொல்லாம இருந்தது தப்பு. நான் உங்களை நம்பி எழுதினேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. மேலிடத்துக்கு என் உடல்நிலையைக் காட்டி எழுதி, சினை பார்க்க வேறொரு ஆய்வாளரை வாரம் இரண்டு நாள் வரவழைத்தார். என்னை எங்கும் மாற்றவில்லை. "கேள்வி கேட்கிறது இனிமே உங்க வேலை. மாட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல" என்றார். அதற்குப் பிறகு மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்து வீட்டு மாடு ஏதாவது போச்சா?" என்பது. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு யோசித்துப் பதில் சொல்வார்கள்.

இன்னொன்றும் செய்தார். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தினமும் காலையில் நான் கம்பூட்ஸ் போடப் போகுமுன் அவர் அதை எடுத்து, மருந்தகத்துப் படியில் தலைகீழாக இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். "யாரும் இல்ல. போட்டுக்குங்க" என்பார். ஒரு நாள் ஒரு தேரைக்குட்டி குதித்து ஓடியது. "ஒருத்தர் இருந்தாரு. கிளம்பிட்டாரு" என்றார். எனக்கு அதிகாரி, முதல்நிலை அரசு அலுவலர், என் பூட்ஸைக் கையில் எடுத்துத் தட்டினார், ஐந்து வருஷம், நான் ஓய்வு பெறுகிறவரை. அந்தம்மாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

வசந்தாவும் தன் பழைய சட்டத்தை மாற்றிக்கொண்டாள். பஸ்ஸில் இப்போது என் இடது பக்கம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்திருப்பது எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதனால் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

தம்பியின் கேள்விக்கு எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்காமலே இருந்தது. போன வாரம் பஸ் ஏறிச் சரோஜா வீட்டுக்கே போனேன். அன்றைக்குப் பிழைத்தது கிடேரிக் கன்று. அதற்கு அவள் வைத்த பேர் வட்டம். ஊர் முழுக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். அந்த வட்டம் இப்போது மூன்றாவது ஈத்துக்கு நிறைசினையாகத் தொழுவத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

டீ கொடுத்தாள். குடித்துவிட்டுக் கேட்டேன். "ஏன் சரோஜா, முப்பது வருஷம் பார்த்த நானே காலின்னு சொன்னேன். நீ மூணு தடவை எதிர்த்து நின்னே. சினைன்னு அவ்வளவு உறுதியா உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சரோஜா சிரித்தாள். "உறுதியா? யார் சார் சொன்னா? எனக்கு எங்க தெரியும்? பெருக்கலப் பார்த்ததும் மாட்டைத் தரகன்கிட்ட ஓட்டிடுவாரேன்னு பகீர்னு ஆயிடுச்சு. கையில துணி இருந்துச்சு, அழிச்சிட்டேன். நீங்க திரும்பப் போட்டீங்க, திரும்ப அழிச்சேன். வேற என்ன பண்றது?"

"அப்ப எப்பத்தான் தெரிஞ்சுது?"

"டாக்டரம்மா மூணாந்தடவை கேட்டாங்கள்ல? நீங்க வாயைத் திறக்கல. அப்பத்தான் சார் எனக்கு உசுரு வந்துச்சு."

அப்படியானால் அன்றைக்கு அந்த மரத்தடியில் எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வாங்க சார், வந்து பாருங்க" என்று எழுந்தாள் அவள். "கைக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரியாட்டி என்ன? வேற எதுலயாச்சும் பாருங்க" என்றாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டு, வட்டத்தின் வலது விலாவுக்குக் கீழே, முழங்கையை வைத்து மெதுவாக அழுத்தினேன். டாக்டர் மாதிரி ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். வட்டம் மூச்சு விட்டுத் தளர்ந்தது. உள்ளேயிருந்து, தூங்குகிறவனை எழுப்பினால் தள்ளிவிடுவானே, அப்படி ஒரு உதை என் முழங்கையில் வந்து விழுந்தது.

"சினையா சார்?" என்றாள் சரோஜா, டாக்டரம்மா குரலில்.

"சினை."

"சினைதானே?"

"சினைதான்."

"எழுதிரலாமா?"

"எழுதலாம்" என்றேன்.